வாழ்வாதார உதவி: வன்னியில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

இலங்கையின் வடக்கே வன்னியில், விசுவமடுவுக்கு அருகே ஒரு வீட்டு முற்றத்தில் கம்பிவலை அடித்த புதுக் கோழிக்கூடு நின்றது. உள்ளே கோழி இல்லை, விறகு அடுக்கியிருந்தது. கூடும் இருபது குஞ்சுகளும் எங்கள் சங்கம் கொடுத்தவை. "தீன் முடிந்த கிழமையே விற்றுவிட்டேன், தம்பி. கடன்காரர் படலையில் நின்றார்" என்றார் அந்த அக்கா. அவர் மேல் பிழை இல்லை. ஒரு மாதக் குஞ்சு முட்டையிட இன்னும் நான்கைந்து மாதம் வேண்டும். நாங்கள் கொடுத்ததோ ஒரு மாதத் தீன். மீதி மாதங்களுக்கு அவர் எங்கே போவார் என்று நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை.

கோழியோ ஆடோ தையல் இயந்திரமோ, முதல் வருமானம் கைக்கு வரும் நாள்வரையான செலவையும் சேர்த்தே திட்டம் போடுங்கள். இருபது குடும்பங்களுக்கு அரைகுறையாகக் கொடுப்பதைவிட எட்டுக் குடும்பங்களுக்கு முழுமையாகக் கொடுக்கலாம்.

இதைவிடப் பெரிய தவறு, கடனை விசாரிக்காமல் விடுவது. கிழமைக்குக் கிழமை வீடு தேடி வந்து அறவிடும் நுண்கடன், அதை அடைக்க இன்னொரு கடன். பெண்கள் குழுவாகப் பிணை நிற்பதால் ஒருவர் தவறினால் சுமை மற்றவர்கள் தலையில் விழும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்தது. எல்லாக் கடனும் அதற்குள் அடங்கவில்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு ஆடு கொடுத்தால் அது தவணை நாளில் சந்தைக்குப் போய்விடும். பாயில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு, எந்த நாளில் என்று கொப்பியில் எழுதிப் பாருங்கள். முதல் நாளிலேயே எல்லாம் சொல்லமாட்டார்கள். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட வீட்டில் அடகு வைத்த தாலியைப் பற்றிக் கேட்பதே புண்ணைக் கிளறுவதுதான். அதை ஊர்ப் பெண் ஒருவர் கேட்கட்டும்.

காலமும் முக்கியம். மாரி மழையை நம்பிச் செய்யும் காலபோகத்துக்கான விதைநெல் புரட்டாதிக்குள் கையில் இருக்க வேண்டும். கார்த்திகை மழைக்குள் கொடுத்தால் அது உலைக்குத்தான் போகும். இரணைமடுக் குளத்தின் கீழ், கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு எவ்வளவு காணி என்பது குளத்து நீரைப் பார்த்து விவசாயிகள் கூட்டத்தில் முடிவாகும். அதற்கு முன் பணம் ஒதுக்காதீர்கள்.

காசோலையோடு தாய் நிற்கும் படத்தை முகநூலில் போடாதீர்கள். மறுநாள் பாடசாலையில் பிள்ளைதான் தலைகுனிய வேண்டிவரும். பணம் தந்த புலம்பெயர் உறவுகளுக்குப் பற்றுச்சீட்டை அனுப்பினால் போதும்.

வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு 2023இல் அஸ்வெசும என்ற புதிய கொடுப்பனவு வந்தது. பட்டியலில் விடுபட்ட குடும்பத்துக்கு மேன்முறையீடு எழுதிக் கொடுத்து, பிரதேச செயலகம்வரை கூடப் போய்வருவதும் உதவிதான். பஸ் காசோடு முடிந்துவிடும் அந்த வேலையைப் பல சங்கங்கள் தம் வேலையாகவே நினைப்பதில்லை.

அந்த அக்காவுக்கு இரண்டாம் முறை பத்துக் குஞ்சுகள்தான் கொடுத்தோம். தீனை மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுத்தோம். கூட்டுக்குள் இருந்த விறகை வெளியே எடுத்து அடுக்க, அவருடைய மகனுக்கும் எனக்கும் ஒரு பின்னேரம் பிடித்தது.