கேலக்டிகா ஆட்டத்தில் வீண் பழி வராமல் இருக்க

பேட்டில்ஸ்டார் கேலக்டிகா போர்டு கேமில், விதி புரியாமல் செய்கிற தப்பும் வேண்டுமென்றே செய்கிற துரோகமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 2004இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரை வைத்து கோரி கொனீஷ்கா வடிவமைத்து, 2008இல் வெளிவந்த ஆட்டம் இது. மனிதர்கள் எல்லோரும் சேர்ந்து கேலக்டிகா என்ற விண்கப்பலைக் கோபோல் என்ற கிரகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கூடவே உட்கார்ந்து ஆடுகிறவர்களில் ஓரிருவர் சைலான், அதாவது மனித உருவில் ஒளிந்திருக்கும் எதிரி. அவர்கள் வேலை கவிழ்ப்பது. விதியைச் சரியாகச் சொல்லித் தராமல் ஆரம்பித்தால் ஒன்றும் அறியாதவர் சிறைக்குப் போவார், நிஜ சைலான் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருப்பார். பெங்களூரில் கஃபேக்களிலும் அபார்ட்மென்ட் வீடுகளிலும் நம் ஆட்கள் கூடி ஆடும்போது அடிக்கடி நடப்பது இதுதான்.

பெரும்பாலான குழப்பம் ஸ்கில் செக்கில்தான், அதாவது ஒரு நெருக்கடியைச் சமாளிக்க எல்லோரும் கையிலுள்ள நிறக் கார்டுகளைக் கவிழ்த்துப் போட்டு எண்களைக் கூட்டிப் பார்க்கும் சோதனையில். ஒரு நெருக்கடிக்கு மஞ்சளும் பச்சையும் உதவும், மொத்தம் 10 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு நிறங்களும் கூட்டலாகும், மற்ற எல்லா நிறமும் கழித்தலாகும். "என்னிடம் பெரிய எண் இருக்கிறதே" என்று புதியவர் சிவப்பு 5-ஐக் கவிழ்த்து வைத்தால், உதவி செய்ததாக அவர் நினைப்பார், கணக்கில் ஐந்து குறையும். அப்புறம் எல்லோர் கண்ணும் அவர்மேல்தான். அதனால் ஒவ்வொரு செக்குக்கும் முன்னால் எந்த நிறம் நல்லது என்று ஒருவர் உரக்கச் சொல்லிவிடுங்கள். முதல் ஆட்டத்தில் இதைச் சலிக்காமல் செய்ய வேண்டும்.

டெஸ்டினி கார்டுகளை மறந்துவிட்டுச் சந்தேகப்படுவது அடுத்த தவறு. ஒவ்வொரு செக்கிலும் அந்தக் கட்டிலிருந்து இரண்டு கார்டுகள் தாமாகவே சேரும். ஆக, கெட்ட கார்டு இரண்டு விழுந்தால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மூன்று விழுந்தால் ஒன்றாவது யாரோ ஒருவர் கையிலிருந்து வந்ததுதான். இன்னும் கூர்ந்து பார்க்கலாம். டெஸ்டினிக் கட்டில் பத்து கார்டுகள், ஐந்து நிறத்துக்கும் இரண்டிரண்டு. கட்டு தீர்வதற்குள் யாருக்கும் வேண்டாத சிவப்பு மூன்று தலைகாட்டினால் அங்கே ஒரு கை விளையாடியிருக்கிறது. இதைக் கவனிக்கிறவர்கள் இரண்டு பேர் இருந்தாலே சைலானுக்கு வியர்க்கும்.

"என்னிடம் மஞ்சள் நாலு இருக்கு" என்று எண்ணைச் சொல்வது விதிப்படி தப்பு. "கொஞ்சம் உதவ முடியும்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த மழுப்பலில்தான் சைலான் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கிறது, ஆட்டத்தின் உயிரும் அதில்தான் இருக்கிறது. நம் ஊர் மேஜைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கன்னடக்கார நண்பரோ வடக்கிலிருந்து வந்தவரோ கூட ஆடும்போது, தமிழ்க்காரர் இரண்டு பேர் தமிழில் "அவன்தான்டா, விடாதே" என்று பேசிக்கொள்வது ரகசியம் பேசுவதுதான். எல்லோருக்கும் புரிகிற மொழியில் பேசுங்கள். இல்லாவிட்டால் அவர் அடுத்த முறை வரமாட்டார்.

தொடரைப் பார்த்தவர்கள், அதில் யார் சைலான் என்ற ஞாபகத்தை இங்கே கொண்டுவருகிறார்கள். ஒருவர் மனிதரா சைலானா என்று ரகசியமாகச் சொல்லும் லாயல்டி கார்டு கலைத்துக் கொடுக்கப்படுவது. எந்தப் பாத்திரமும் எதுவாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் உண்மை: பால்டர் என்ற பாத்திரத்துக்கு ஆரம்பத்திலேயே ஒரு லாயல்டி கார்டு கூடுதல், பூமர் என்ற பாத்திரத்துக்குப் பாதி வழியில் ஒன்று கூடுதல். அந்த அளவுக்கு மட்டும் சந்தேகப்படலாம்.

பாதி வழி என்றதும் நினைவுக்கு வருகிறது. பயண தூரம் 4-ஐத் தொட்டதும் எல்லோருக்கும் மறுபடி லாயல்டி கார்டு வரும். அதுவரை மனிதராக இருந்தவர் அங்கிருந்து சைலானாகலாம். "முதலிலிருந்தே நல்லவனாகத்தானே இருக்கிறேன்" என்ற வாதம் அதன்பிறகு செல்லாது.

சிறைக்கு அனுப்புவதில் அவசரம் வேண்டாம். உள்ளே இருப்பவர் ஒவ்வொரு செக்குக்கும் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும். மனிதரைத் தவறாக உள்ளே தள்ளினால் சைலானுக்கு நீங்களே சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறீர்கள். சைலானாக ஆடுபவருக்கும் இதில் பாடம் உண்டு. சிறைக்குள் இருந்து தன்னை வெளிப்படுத்தினால் அவருடைய லாயல்டி கார்டில் உள்ள தாக்குதல் பலிக்காது. சந்தேகம் முற்றுவதற்குள் தன்னை வெளிப்படுத்திவிட வேண்டும்.

மனிதர்களின் கையிருப்பு எரிபொருள் 8, உணவு 8, மனஉறுதி 10, மக்கள்தொகை 12 என்று தொடங்கும். எது பூஜ்யமானாலும் தோல்வி. எல்லோரும் எரிபொருளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், மனஉறுதி சத்தமில்லாமல் கரையும்.

ஆள் கணக்கில் ஐந்து பேர் மிகச் சரி. நாலு பேர், ஆறு பேர் ஆட்டத்தில் சிம்பதைசர் என்று ஒரு கார்டு சேரும், புதியவர்களைக் குழப்பும். பெட்டியில் 2 முதல் 3 மணி நேரம் என்று இருந்தாலும் முதல் தடவை அதைத் தாண்டும். ரகசியக் கார்டு கையில் இருப்பதால் நடுவில் ஒருவர் கிளம்பினால் வேறு ஆளைச் சுலபமாக உட்காரவைக்க முடியாது. ஒயிட்ஃபீல்டிலிருந்து சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி ஒருவர் பி.டி.எம்.முக்கு வந்து சேர வேண்டும், கடைசி மெட்ரோவையும் பிடிக்க வேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஆரம்பித்துவிடுங்கள்.