கால் நாடி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுதோறும் எங்கள் வார்டுக்குப் புது ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி மருத்துவர்கள்) வருகிறார்கள். காலின் தமனிகளை வரைந்து பெயர் குறிக்கச் சொன்னால் பிழையில்லாமல் செய்வார்கள். நோயாளியின் காலில் கை வைக்கும்போதுதான், அந்த வயதில் நாங்கள் தடுமாறிய அதே இடங்களில் தடுமாறுகிறார்கள். கட்டைவிரலால் நாடி பார்ப்பது, சாக்ஸைக் கழற்றாமல் பார்ப்பது போன்றவற்றை வார்டு சிஸ்டரே திருத்திவிடுவார். அவை இங்கே வேண்டாம்.

கவட்டையில் இடம் மாறுவது

ஃபெமோரல் நாடி, அதாவது தொடைத் தமனியின் துடிப்பு, இடுப்பெலும்பின் முன்முனைக்கும் நடுவில் இரு பூப்பெலும்புகள் சேரும் இடத்துக்கும் சரிபாதியில் இருக்கிறது. பலர் நடுக்கோடு வரை போகாமல், அதற்கு முன்பே தட்டுப்படும் எலும்பு முடிச்சோடு அளவை நிறுத்திவிடுகிறார்கள். விரல் சற்று வெளிப்பக்கம் விழுகிறது. தொட்டுப் பார்ப்பதோடு சரியென்றால் பெரிய நஷ்டமில்லை. ஊசி போடும்போது அந்தச் சிறு விலகல் நரம்பில் போய் நிற்கும். வெளியிலிருந்து உள்நோக்கி நரம்பு, தமனி, சிரை என்பதே வரிசை.

ஃபெமோரல் நாடியோடு திருப்தியடைவது

கவட்டையில் நாடி நன்றாகத் துடித்தால் அதுவரை வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே எதையும் அது சொல்லாது. அங்கிருந்து சுமார் 4 செ.மீ. இறங்கியதும் ஆழ்தொடைத் தமனி பிரிந்து தொடைத் தசைகளுக்குப் போகிறது. முதன்மைத் தமனி தொடையின் உட்பக்கக் கால்வாய் வழியாக முழங்காலின் பின்புறம் வருகிறது. புகைப்பவர்களுக்கு அந்தக் கால்வாயில்தான் அடிக்கடி அடைப்பு விழும். அடைப்பு ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வதால், ஆழ்தொடைத் தமனியின் கிளைகள் முழங்காலைச் சுற்றி மாற்றுப்பாதை அமைத்துக்கொள்கின்றன. கால் பிழைத்திருக்கும். நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் விட்டுவிடும்.

அந்த அவகாசம் கிடைக்காத காலைப் பற்றித்தான் அடுத்து.

மூட்டு விலகிய காலில் "நாடி இருக்கிறது" என்று ஒரே வரி எழுதுவது

எத்தனை முறை சொன்னாலும் இது திரும்ப நடக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

பைக்கிலிருந்து விழுந்த ஓர் இளைஞர். விழுந்த இடத்திலேயே முழங்கால் மூட்டு விலகி, ஆம்புலன்ஸில் ஏற்றும்போது தானாகவே உள்ளே போய்விட்டது. முதலில் சேர்த்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை. லிகமென்ட் (மூட்டைப் பிணைக்கும் நார்) அடி என்று ஸ்லாப், அதாவது அரை மாவுக்கட்டு, போட்டார்கள். கேஸ் ஷீட்டில் நாடி இருக்கிறது என்று ஒரு வரி. எந்த நாடி, எத்தனை மணிக்கு, மறுகாலோடு ஒப்பிட்டால் எப்படி, ஒன்றும் இல்லை. இரவெல்லாம் வலியில் துடித்தவருக்கு வலி ஊசி மட்டும் போட்டிருக்கிறார்கள். மறுநாள் எங்களிடம் வந்தபோது பாதம் சில்லிட்டிருந்தது, விரல்கள் அசையவில்லை, தொட்டால் உணர்வில்லை. முழங்காலுக்கு மேலே காலை எடுக்க வேண்டியதாயிற்று. "எலும்புதான் உடையலையே சார், அப்புறம் ஏன் காலை எடுக்கணும்?" என்று அவருடைய அம்மா கேட்டார்.

முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பாப்ளிட்டியல் தமனி, மேலே தொடைத்தசையின் துவாரத்திலும் கீழே கெண்டைக்காலின் சோலியஸ் தசையின் வளைவிலும் பிடிபட்டிருக்கிறது. இரு முனையும் இறுகக் கட்டிய கொடிக்கயிறு போல. நடுவில் மூட்டு விலகினால் அதற்கு நகர இடமில்லை, இழுபடும். சில நேரம் முழுதாக அறும். சில நேரம் உள்சுவர் மட்டும் கிழிந்து வெளிச்சுவர் தாங்கிக்கொள்ளும். அப்போது ரத்தம் ஓடும், பாதத்தில் நாடியும் கிடைக்கும். கிழிந்த சுவரில் சில மணி நேரம் கழித்து ரத்தம் உறைந்து அடைக்கும். முழங்காலைச் சுற்றியுள்ள சிறு தமனிகளால் இந்தத் திடீர் அடைப்பை ஈடுகட்ட முடியாது. அவையே அடிபட்டிருக்கவும் கூடும். 1977-இல் வெளியான ஒரு தொகுப்பில், 8 மணி நேரத்துக்குள் தமனி சரிசெய்யப்படாத கால்களில் 86 சதவீதத்தை எடுக்க வேண்டியிருந்தது.

அதனால் எக்ஸ்ரேயில் மூட்டு சரியாக இருந்தாலும், இரண்டு மூன்று லிகமென்ட் தளர்ந்த முழங்காலை விலகிய மூட்டாகவே கருதுங்கள். பாதத்தின் மேலும் உள்கணுக்காலின் பின்னும், இரு கால்களிலும் பாருங்கள். நேரத்தோடு எழுதுங்கள். டாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கும் கருவி) வைத்துக் கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடுங்கள். விகிதம் 0.9-க்குக் கீழே போனால் சி.டி. ஆஞ்சியோ (தமனிகளைக் காட்டும் ஸ்கேன்). எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் 24 மணி நேரமாவது திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பாதம் கட்டுக்குள் மறையக் கூடாது. மூட்டைச் சரிசெய்த பிறகும் நாடி இல்லை, பாதம் வெளுத்திருக்கிறது என்றால் ஸ்கேனுக்கு வரிசையில் நிற்காமல் தியேட்டருக்குக் கொண்டுபோங்கள். "தமனி சுருங்கியிருக்கும், காலையில் பார்க்கலாம்" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். அதை நம்பிக் காத்திருந்ததில் போன கால்களைப் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை நோயாளியின் ஏ.பி.ஐ. எண்ணை அப்படியே நம்புவது

ஏ.பி.ஐ. என்பது மேலே சொன்ன அதே கணுக்கால்-கை அழுத்த விகிதம்தான். நாள்பட்ட சர்க்கரை நோயிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து இறுகிவிடுகிறது. பி.பி. பட்டை எவ்வளவு அழுத்தினாலும் தமனி அமுங்காது. 1.4-ஐத் தாண்டினால் சந்தேகம் வரும். அடைப்பும் கால்சியமும் சேர்ந்து, இயல்பானது போல 1.0 என்று காட்டும்போதுதான் ஏமாந்துபோகிறோம். ஆறாத புண்ணுக்கு மாதக்கணக்கில் டிரெஸ்ஸிங் மட்டும் நடக்கும். கால் கட்டைவிரலின் அழுத்தத்தைப் பாருங்கள். விரல் தமனிகளில் பெரும்பாலும் அந்த அளவுக்குக் கால்சியம் படியாது. அங்கே 30 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே இருந்தால், ரத்த ஓட்டத்தைச் சீராக்காமல் அந்தப் புண் ஆறுவது கடினம்.

பாதத்தின் மேல் அழுத்தித் தேடுவது

கட்டைவிரலை நிமிர்த்தும் நாணுக்குச் சற்று வெளிப்புறம், லேசாகத் தொட்டாலே போதும். சிலருக்கு அந்த நாடி பிறவியிலேயே கிடைக்காது.

கெண்டைக்கால் கல்லாக இறுகியும் நாடியை நம்புவது

இது தசை அறைக்குள் அழுத்தம் ஏறும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமாக இருக்கலாம். அதில் நாடி கடைசியில்தான் போகும். நோயாளியின் கால்விரலை நீங்கள் நீட்டினால் உயிர் போகிற வலியா, உடனே எங்களை அழைத்துச் சொல்லுங்கள்.

இளைஞரின் கால்வலியைத் தசைப்பிடிப்பு என்று அனுப்பிவிடுவது

முப்பது வயது, பீடிப் பழக்கம், நடந்தால் பாதத்தின் அடியில் வலி, விரல் நுனியில் சிறு கறுப்பு. இது பர்ஜர் நோயாக இருக்கலாம். முழங்காலுக்குக் கீழுள்ள சிறு தமனிகளைப் பிடிப்பதால் ஃபெமோரலும் பாப்ளிட்டியலும் நன்றாகவே துடிக்கும். கணுக்காலில் இரு பக்கமும் பாருங்கள், மணிக்கட்டிலும் பாருங்கள். பீடியை அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். குறைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிடாதீர்கள்.