அழுத்தாமல் துளையிடுவோம்: ட்ரில் மெஷினைக் கையாளும் முறையும் பராமரிப்பும்

சுவரில் ஓர் அலமாரி மாட்டவும் திரைச்சீலைக் கம்பி பொருத்தவும் ஆள் தேடிக் காத்திருக்க மனமில்லாமல், பலரும் இப்போது ட்ரில் மெஷினைத் தாமே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பிட்டை (துளையிடும் முனையை) கவ்விப் பிடிக்கும் 10 அல்லது 13 மி.மீ. சக்கும் 500 முதல் 700 வாட் வரையிலான மோட்டாரும் கொண்ட, சுழல்வதோடு சுத்தியல்போல் தட்டவும் செய்யும் இம்பாக்ட் ட்ரில்தான் வீடுகளில் பெரும்பாலும் காணப்படுகிறது. இக்கட்டுரையில் சொல்வதும் அதைப் பற்றித்தான். புதிதாகப் பழகுபவர் செய்யும் முதல் தவறு, உடல் பலம் முழுவதையும் கொடுத்து அதை அழுத்துவது. மணிக்கட்டு பிசகுவது, பிட் ஒடிவது, மோட்டார் கருகுவது ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் இந்த ஒரு பழக்கமே காரணம் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மெஷினைத் தொடுவதற்கு முன் உடையைக் கவனிக்க வேண்டும். நிமிடத்திற்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் பிட்டுக்குத் துப்பட்டா, சேலை முந்தானை, தோளில் கிடக்கும் துண்டு, கோயிலில் கட்டிவிட்ட கைக்கயிறு எல்லாம் ஒன்றுதான். எது அருகில் வந்தாலும் சுருட்டி இழுத்துக்கொள்ளும். அதே காரணத்தால் தொளதொளப்பான துணிக் கையுறையும் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். செங்கல், காங்கிரீட் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருப்பதால், முகத்தோடு படியும் தூசு மாஸ்க்கும் வேண்டும். கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது அதற்கு ஈடாகாது.

பிளக்கை ஒடித்து எறிந்துவிட்டு, ஒயர் முனைகளைச் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கும் பழக்கம் வேலைத்தளங்களில் இன்னும் இருக்கிறது. 230 வோல்ட்டோடு அப்படி விளையாடக் கூடாது. மெஷினின் பெயர்த்தகட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரங்கள் அச்சிடப்பட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள கருவி; அதற்கு எர்த் இணைப்பு தேவையில்லாததால் இரண்டு முள் பிளக்கோடு வருவது குறை ஆகாது. எக்ஸ்டென்ஷன் ஒயரை உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தினால் சூடு வெளியேற வழியின்றி ஒயரின் உறை உருகக்கூடும் என்பதால், அதை முழுவதும் பிரித்துப் போட வேண்டும். வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், ட்ரில் வாங்குவதற்கு முன் அதைப் பொருத்துவதே முறை.

அடுத்தது சுவர். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும், நேர் கீழேயும், அதே மட்டத்தில் பக்கவாட்டிலும் ஒயர் குழாய் ஓடக்கூடும். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கும். ஐயம் இருந்தால் அந்த மின்சுற்றின் எம்.சி.பி.யை (மெயின் போர்டில் உள்ள தானியங்கிச் சுவிட்சை) இறக்கிவிட்டு, வேறு சுற்றிலிருந்து மெஷினுக்கு மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம். சுவரின் சிமெண்ட் பூச்சு ஏறக்குறைய 12 முதல் 15 மி.மீ. கனம் இருக்கும், திருகாணியைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் ரால் பிளக் அதற்குள்ளேயே நின்றுவிட்டால் நான்கு புத்தகம் அடுக்கியதும் அலமாரி பூச்சோடு பெயர்ந்து விழும். ஆகவே ரால் பிளக்கின் நீளத்தோடு பூச்சின் கனத்தையும் சேர்த்து அளந்து, பிட்டில் அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிட்டை மாற்றும்போது மின்பிளக்கைக் கழற்றியே ஆக வேண்டும். சுவிட்சை அணைப்பது போதாது, விரல் தற்செயலாக டிரிகரில் பட்டுவிடலாம். என் மெஷினில் சக் சாவியை ஒரு முழ நூலால் பிளக்கின் அருகிலேயே கட்டி வைத்திருக்கிறேன். நூல் குட்டை என்பதால், பிளக்கைப் பிடுங்கினால்தான் சாவி சக்கை எட்டும். பிட்டை நேராக நிறுத்தி, சக்கைச் சுற்றியுள்ள மூன்று துளைகளிலும் சாவியை ஒவ்வொன்றாக விட்டு முடுக்கிய பிறகு சாவியை எடுத்துவிட்டோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். சாவியோடு சுழன்ற சக் அதைக் கல்லெறிவதுபோல் வீசும்.

சுவருக்குக் கார்பைடு முனை வைத்த மேசனரி பிட்டும், இரும்புக்கு ஹை ஸ்பீடு ஸ்டீல் பிட்டும், மரத்திற்கு நடுவில் ஊசிமுனை உள்ள பிட்டும் உரியவை. தட்டியபடி துளையிடும் ஹேமர் அமைப்பு காங்கிரீட், செங்கல் சுவர்களுக்கு மட்டுமே. டைல்ஸில் அதைப் போட்டால் விரிசல் விழும். டைல்ஸில் குறி வைத்த இடத்தில் பேப்பர் டேப்பை ஒட்டி, ஹேமர் இல்லாமல், குறைந்த வேகத்தில் தொடங்கினால் பிட் வழுக்காது.

இடது கை பக்கவாட்டுப் பிடியை விடவே கூடாது. பில்லர் ஒன்றில் ஒரு கையால் துளையிட்டுக்கொண்டிருந்தபோது பிட் உள்ளிருந்த கம்பியில் மாட்டிக்கொள்ள, மெஷின் தானே திருகியதில் என் மணிக்கட்டு பத்து நாள் வீங்கியிருந்தது. டிரிகரை அழுத்தியே வைத்திருக்கும் லாக் பொத்தானையும் கையில் பிடித்துச் செய்யும் வேலையில் தொடாமல் இருப்பது நல்லது. பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917-இல் காப்புரிமை பெற்ற துப்பாக்கிப் பிடி, டிரிகர் அமைப்பின் வசதியே விரலை எடுத்ததும் மெஷின் நிற்பதுதான். லாக் போட்டால் அந்த வசதி போய்விடுகிறது.

பிட் வெட்டும் வேகத்திற்கு மேல் தள்ளாமல், நிலையாகப் பிடித்துக்கொண்டால் போதும். சில வினாடிக்கு ஒருமுறை பிட்டைச் சுழன்றபடியே வெளியே இழுத்தால் தூள் கொட்டி, சூடும் தணியும். இரும்புத் தகட்டைக் கையில் பிடிக்காமல் கிளாம்பில் இறுக்கி, சென்டர் பஞ்சால் (கூர்முனை உளியால்) சிறு பள்ளமாகக் குறி அடித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தொடங்க வேண்டும். 6 மி.மீ. பிட்டுக்குச் சாதாரண இரும்பில் நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,500 சுற்றுகளும், 12 மி.மீ. பிட்டுக்கு அதில் பாதியும் பொருந்தும். துளை மறுபக்கம் எட்டும் கணமே ஆபத்தானது. எதிர்ப்பு திடீரென விலகுவதால் அழுத்திக்கொண்டிருப்பவரின் கை முன்னே பாயும்; பிட் தகட்டின் விளிம்பைக் கவ்விச் சுழற்றும். அந்த நேரம் நெருங்கும்போதே கையைத் தளர்த்திவிட வேண்டும்.

மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டிலேயே இருப்பதால், மெதுவாகச் சுழலும் மெஷினை அழுத்த அழுத்தச் சூடு ஏறும், காற்றோ குறையும். மெஷினின் உடல் கைக்குச் சுட்டால், அப்படியே நிறுத்தாமல் பாரமின்றி முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு அணைப்பது விரைவில் ஆற வழி. எரிந்த வாடை வந்துவிட்டால் மட்டும் உடனே பிளக்கைக் கழற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் காற்றுத் துளைகளைப் பழைய பல் துலக்கும் பிரஷால் துடைத்து, சக்கைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தட்டினால் தாடைகளுக்குள் புகுந்த தூள் உதிரும். சக்குக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். அதிகமானால் தூசியைப் பிடித்து இறுகிவிடும். துளைகளின் வழியே தெரியும் சிறு நீலப் பொறி இயல்பானது. அது ஆரஞ்சு நிற வளையமாகச் சுற்றினாலோ, மெஷின் விட்டுவிட்டு ஓடினாலோ சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பல மாடல்களில் மோட்டாரின் இருபுறமும் உள்ள வட்ட மூடிகளை, பிளக்கைக் கழற்றிய பிறகு, ஸ்குரூடிரைவரால் திறந்து நாமே பார்க்கலாம். 5, 6 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தால் அந்த மாடலுக்குரிய பிரஷ்களை ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒயர் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் வெடிப்பு தெரிந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் முழு ஒயரையும் மாற்றிவிடுவது நல்லது. மழுங்கிய இரும்பு பிட்டை லேத் பட்டறையில் கொடுத்தால் கிரைண்டரில் தீட்டித் தருவார்கள். முனை உருண்டுபோன மேசனரி பிட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவதே மெஷினுக்கு மலிவு.