சூத்திரத்துக்கு முன்னால் ஒரு கோடு

இயக்கக் கணக்கைப் பார்த்ததும் மாணவர்களின் கை சூத்திரத்தைத்தான் தேடுகிறது. நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் ஒரு கோடு போடச் சொல்வேன். அதில் ஆதிப்புள்ளியை, அதாவது அளக்கத் தொடங்கும் இடத்தை, குறியுங்கள். எந்தப் பக்கம் நேர்க்குறி என்று அம்பு இடுங்கள். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். கணக்கு முடியும்வரை மாற்றக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு பந்தைத் தரை மட்டத்திலிருந்து விநாடிக்கு 19.6 மீட்டர் திசைவேகத்தில் நேர் மேலே எறிவதாக வைத்துக்கொள்வோம். திசைவேகம் என்பது திசையையும் சேர்த்துச் சொல்லும் வேகம். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தரைதான் ஆதிப்புள்ளி, மேல்நோக்கி நேர்க்குறி. புவியீர்ப்பால் திசைவேகம் விநாடிக்கு விநாடி 9.8 குறையும். நேரம், திசைவேகம், உயரம் என மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். 1 விநாடியில் திசைவேகம் 9.8, உயரம் 14.7 மீட்டர். 2 விநாடியில் திசைவேகம் 0, உயரம் 19.6. 3 விநாடியில் திசைவேகம் −9.8, உயரம் மறுபடியும் 14.7. 4 விநாடியில் −19.6, பந்து தரைக்கு வந்துவிட்டது.

இனி இந்த எண்களையே கேளுங்கள். பந்து கடந்த தொலைவு 39.2 மீட்டர். இடப்பெயர்ச்சி, அதாவது தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் உள்ள இடைவெளி, 0. ஆகவே சராசரி வேகம் விநாடிக்கு 9.8 மீட்டர், சராசரி திசைவேகமோ 0. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

உச்சியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அங்கே பந்து ஒரு கணம் நிற்கிறது, எனவே முடுக்கமும் 0 என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இருந்தால் பந்து அங்கேயே அந்தரத்தில் நின்றுவிட வேண்டும்! முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். உச்சிக்குச் சற்று முன் திசைவேகம் நேர்க்குறி, சற்றுப் பின் எதிர்க்குறி. மாற்றம் ஒரு கணமும் ஓயவில்லை. மேலே போகும்போதும், உச்சியிலும், கீழே வரும்போதும் முடுக்கம் அதே −9.8தான்.

எதிர்க்குறி முடுக்கம் என்றாலே வேகம் குறைகிறது என்று எண்ணுவதும் தவறு. கீழே வரும் பந்தைப் பாருங்கள்: முடுக்கம் எதிர்க்குறி, ஆனால் வேகம் கூடுகிறது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறி பெற்றால் வேகம் கூடும், வெவ்வேறு குறி என்றால் குறையும்.

திசைவேகம்–காலம் வரைபடத்தையும் போட்டுவிடுங்கள். 19.6இல் தொடங்கி −19.6இல் முடியும் ஒற்றை நேர்கோடு வரும். அதன் சாய்வு முடுக்கம். கோட்டுக்கும் கால அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு இடப்பெயர்ச்சி. அச்சுக்கு மேலுள்ள முக்கோணம் 19.6 மீட்டர், கீழுள்ளது −19.6. கோடு அச்சை வெட்டும் இடத்தில் சாய்வு மாறுகிறதா என்று உற்றுப் பாருங்கள். உச்சியில் முடுக்கம் என்ன என்ற சந்தேகம் மீண்டும் எழாது.

அடுத்து, கீழ்நோக்கி நேர்க்குறி என்று வைத்துக்கொண்டு இதே கணக்கை முதலிலிருந்து போடுங்கள். குறிகள் எல்லாம் தலைகீழாகும். பந்து தரையைத் தொடும் நேரம் அதே 4 விநாடியாக வர வேண்டும். வராவிட்டால், நடுவில் எங்கோ அம்பின் திசையை மாற்றியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தேடிப் பிடியுங்கள்.