மொட்டை மாடியிலிருந்து ஓரியன் நெபுலா

மதுரையில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே 10 டிகிரிதான். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் ஒரு முஷ்டி உயரம். ஊரின் அட்சரேகை எவ்வளவோ, அவ்வளவு உயரம். முக்காலியை மட்டமாக நிறுத்தி, தொலைநோக்கியின் சுழல் அச்சை அங்கே திருப்புங்கள்.

ஜனவரி நடுவில் இரவு 10 மணி சுமாருக்கு ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் தெற்கே உயரத்தில் நிற்கும். வல ஏற்றம் (வானில் கிழக்கு-மேற்கு இடத்தைச் சொல்லும் அளவு) 5 மணி 35 நிமிடம், வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) தெற்கே 5 டிகிரி. கண்ணுக்குச் சாம்பல் புகைதான் தெரியும். சிவப்பு நிறம் கேமராவில்தான் வரும்.

படம் எடுத்ததும் மாடியிலேயே லென்ஸ் மூடியைப் போட்டு, படத்துக்கு வைத்த அதே விநாடிக் கணக்கில், அதே ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 20 இருட்டுப் படங்கள் எடுங்கள். சென்சார் சூட்டில் தூவும் பொய்ப் புள்ளிகளைப் பிறகு கழிக்க இவைதான் வேண்டும். ஏசி அறைக்குள் போய் எடுக்காதீர்கள், சூடு மாறிவிடும்.