பாம்பு புகாத கோழிக்கூடு: 8 ஊர்க்கோழிக்கு 6க்கு 4 அடியில்

காலையில் கூட்டைத் திறந்து ஒரு குஞ்சு குறைந்தால் திருகோணமலைப் பக்கத்தில் முதலில் கீரிக்குத்தான் ஏச்சு விழும். கீரி வந்திருந்தால் இறகும் இரத்தமும் சிதறிக் கிடக்கும். பாம்பு வந்துபோன கூட்டில் ஒன்றும் கிடக்காது, முழுசாக விழுங்கியிருக்கும். சிலவேளை ஒரு குஞ்சு மட்டும் தலையும் கழுத்தும் எச்சில் பட்டு நனைந்து, காயமில்லாமல் செத்துக் கிடக்கும். விழுங்கப் பார்த்து, தோள் கொள்ளாமல் கக்கிவிட்டுப் போனதன் அடையாளம் அது. அதைக் கண்டால் கூட்டில் எங்கோ ஒரு விரல் நுழைகிற இடுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

சாரை பகலில் திரிகிற பாம்பு. மரமும் ஏறும், வேலியும் ஏறும். நல்லபாம்பு முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலும் காடும் ஒட்டிய வளவுகளில், வெங்கிணாந்தி என்கிற மலைப்பாம்பு பெரிய கோழியையே எடுத்துவிடும். புடையனும் (கண்ணாடி விரியன்) எட்டடி விரியனும் (கட்டுவிரியன்) கோழிக்காக வருவதில்லை. சிந்திய தீனுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் அவை வரும். ஆனால் இருட்டில் கூட்டடிக்குப் போகிற மனிதருக்கு உண்மையான ஆபத்து இந்த இரண்டிலும்தான். அதனால் கூடு கட்டும்போது பாம்பையும் எலியையும் சேர்த்தே தடுக்க வேண்டும்.

இடம்

கூட்டின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காகக் கிடக்கட்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் அடிக்கும். முன்பக்கம் தெற்கே பார்த்தால் கச்சான் (தென்மேற்கு) காற்று உள்ளே வரும். பின்பக்கம் வடக்கே இருக்கும், வாடை மழையை அந்தப் பக்கம்தான் வாங்கும்.

நிழல் கட்டாயம் வேண்டும். இந்த ஊர் வெயிலில் தகரக் கூரையின் கீழ் அடைபட்ட கோழி வாயைப் பிளந்து இளைக்கும், முட்டையும் குறையும். ஆனால் மரத்துக்கு நேர் கீழே கட்டினால் கிளையால் சாரை கூரையில் இறங்கும். மரத்துக்குக் கிழக்கே, கிளை நுனியிலிருந்து 6 அடியாவது தள்ளிக் கட்டுங்கள். பிற்பகல் நிழல் கூட்டில் விழும், கிளை எட்டாது. கூரைப் பக்கம் நீண்டு வரும் முருங்கைக் கொம்பை மழைக்கு முன்னமே வெட்டிவிட வேண்டும். விறகு, பொச்சுமட்டை, பழைய ஓடு, கிடுகுக் கட்டு எல்லாம் கூட்டிலிருந்து 25 அடிக்கு அப்பால் இருக்கட்டும்.

அடித்தளம்

பாம்பு தானாக மண் தோண்டாது. எலி தோண்டின வளையால் வரும். கரையோரக் குருமணலில் எலிக்கு ஒரு இரவு போதும். மண் தரைக் கூட்டுக்கு எத்தனை வலை அடித்தாலும் பயனில்லை என்பது அதனால்தான். கால் வைத்து உயர்த்திய கூடு வெள்ளத்துக்கு நல்லது. ஆனால் கால் உயரம் சாரையைத் தடுக்காது, மரக்காலைச் சுற்றி இலேசாக ஏறிவிடும். இந்த மண்ணுக்கு சீமெந்துத் தரைதான் சரி.

16க்கு 8க்கு 4 அங்குல பிளொக் கல் வரிசைக்கு 14 வீதம் இரண்டு வரிசைக்கு 28 வேண்டும். உடைவதற்கும் சேர்த்து 30 வாங்குங்கள். வெளி அளவு 6 அடிக்கு 4 அடி வைத்து, 8 அங்குல ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, முதல் வரிசையை நிலமட்டத்துக்குப் புதைத்து, இரண்டாம் வரிசையை மேலே வையுங்கள். கல் கட்ட ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் கலவை, அரைப் பை சீமெந்து. நடுவில் மணலைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, இடித்து இறுக்கி, நிலத்திலிருந்து 3 அங்குலம் உயர்த்துங்கள். அதன்மேல் 3 அங்குல கொங்கிறீற்: ஒரு பங்கு சீமெந்து, இரண்டு மணல், நான்கு சல்லி. ஒரு 50 கிலோ பை தரைக்குப் போதும், கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சினதைப் பிளொக் கல்லின் பொள்ளல்களுக்குள் இறக்குங்கள். திறந்துகிடக்கும் பொள்ளலில் தேளும் பாம்புக் குட்டியும் குடியிருக்கும்.

கடற்கரை மணலை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அடியில் பூட்டுகிற போல்ட்டும் வலையும் முதலில் அங்கேதான் துருப்பிடிக்கும்.

கொங்கிறீற் மட்டம் கல்லின் மேல்மட்டத்துக்கு 2 அங்குலம் கீழே நிற்கும், உமி வெளியே கொட்டாமல் இருக்க அந்த விளிம்பு உதவும். தரையை முன்பக்கம் பார்த்து ஒரு அங்குலம் சரித்து, கழுவு தண்ணீர் போக 2 அங்குல பீ.வி.சி. குழாய் ஒன்று வையுங்கள். குழாய் வாய்க்குக் கால் அங்குல வலையை மடித்து, கம்பியால் இறுக்குங்கள். எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டு இந்தக் குழாயை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

சட்டமும் வலையும்

சட்டத்துக்கு 2க்கு 2 அங்குல மரம் ஏறத்தாழ 110 அடி வேண்டும். முன் உயரம் 5 அடி, பின் உயரம் 4 அடி. சுற்றிவர 3 அடி உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டம் வரவேண்டும். வலை 3 அடி அகலம் என்பதால் இரண்டு துண்டின் விளிம்பும் மரத்தில் வந்து முடியும். வலையும் வலையும் அந்தரத்தில் சந்திக்கிற இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கடையில் கோழிவலை என்று கேட்டால் ஆறுமூலைக் கண் வைத்த முறுக்கு வலையைத் தருவார்கள். அது கோழியை உள்ளே வைத்திருக்கும், பாம்பை வெளியே வைக்காது. ஒரு அங்குலக் கண்ணுக்குள் நடுத்தரச் சாரையின் தலை போகும், முறுக்குக் கம்பி விரிந்தும் கொடுக்கும். வேண்டியது வெல்ட் பண்ணின சதுரக் கண் வலை, அரை அங்குலம், கம்பி 1 மி.மீ. தடிப்பாவது. 3 அடி அகலத்தில் 45 அடி எடுங்கள். வாங்கும்போது கம்பி ஒட்டின மூட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். நாகம் (துத்தநாகம்) பூசின பிறகு வெல்ட் பண்ணின வலையில் மூட்டு கறுத்து, எரிந்தமாதிரி இருக்கும், துரு அங்கேதான் தொடங்கும். வெல்ட் பண்ணின பிறகு நாகத்தில் முக்கியெடுத்த வலையில் மூட்டில் வெள்ளிபோல் ஒரு சின்னத் திரட்சி தெரியும். உப்புவெளி, நிலாவெளி என்று கடற்காற்று படுகிற இடங்களில் விலை கூடினாலும் இரண்டாவதையே வாங்குங்கள்.

அரை அங்குலக் கண்ணுக்குள் அப்போதுதான் பொரித்த பாம்புக் குட்டி நுழையும். அதற்காக முழுக் கூட்டுக்கும் கால் அங்குல வலை அடித்தால் தூசியும் தும்பும் அடைத்து, காற்றோட்டம் நின்றுவிடும். நடுவழி இது: கால் அங்குல வலை 10 அடி வாங்கி, அதில் 7 அடியை ஒரு அடி அகலக் கீலங்களாக வெட்டி, கூட்டின் அடிப்பகுதியைச் சுற்றி அரை அங்குல வலையின்மேல் இரட்டையாக அடியுங்கள். மிச்சம் 3 அடி அடைக்கோழிப் பெட்டிக்கு.

வலையை வெறும் ‘ப’ ஆணியால் அடித்து விடாதீர்கள். வெயிலிலும் மழையிலும் மரம் விரிந்து சுருங்க, ஆணி கழன்று வரும். வலை விளிம்பின்மேல் ஒரு அங்குலப் பலகைச் சலாகையை வைத்து, 4 அங்குலத்துக்கு ஒரு திருகாணி இறுக்குங்கள். அடிச்சட்டத்தைக் கல்லில் போல்ட் போட்டுப் பூட்டியபிறகு, மரத்துக்கும் கல்லுக்கும் இடையில் தெரிகிற வெளியைச் சீமெந்துச் சாந்தால் நிரப்புங்கள்.

பின்பக்கச் சுவரில் கீழ் 2 அடிக்கு வலைக்கு வெளியே தகரம் அடித்தால் மழைத் தெறிப்பு உள்ளே வராது. மேலே வாடைக் காலத்துக்குத் தறப்பாள் தொங்கவிடலாம். சுருட்டி வைத்த தறப்பாளின் மடிப்புக்குள் பாம்பு படுத்திருக்கும், கையால் அவிழ்க்கும் முன் தடியால் தட்டுங்கள்.

பழைய மீன்வலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே அது சும்மா கிடைக்கிறது, அதனால் கூட்டைச் சுற்றிக் கட்டுகிறார்கள். நைலோன் கண்ணுக்குள் பாம்பின் தலை போகும், உடம்பு பாதியில் சிக்கும். செதில் பின்னோக்கி இருப்பதால் திரும்பி வர முடியாது. இழுக்க இழுக்க நூல் தோலை வெட்டும், வெயில் ஏறச் செத்துப்போகும். அது நல்லபாம்பாக இருந்தால், சிக்கின நிலையில் சீறிக்கொண்டிருப்பதை வெட்டி எடுக்கிற ஆளின் கை என்னாவது? பாம்புக்கும் மனிதருக்கும் ஒரே அளவு கொடுமை இது. கூட்டிலும் வேலியிலும் மீன்வலை வேண்டாம்.

கதவு

கதவு 2 அடிக்கு நாலரை அடி. சட்டத்துக்குள் கதவு நிற்கும்படி செய்யாமல், சட்டத்தின்மேல் வெளிப்பக்கமாக எல்லா விளிம்பிலும் ஒரு அங்குலம் ஏறிப் படிகிறமாதிரிச் செய்யுங்கள். மரம் கோணினாலும் இடுக்கு விழாது. பிணைச்சல் மூன்று, கொண்டி இரண்டு: மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் ஒரே கொண்டி போட்ட கதவின் கீழ்மூலை ஒரு கோடையில் வெளியே வளைந்து, சுண்டுவிரல் போகிற வெளி விடும். கதவின் உட்பக்கக் கீழ் விளிம்பில் பழைய ரயர் ரியூப்பை வெட்டி அடித்தால் இன்னும் இறுக்கமாக மூடும்.

கூரை

அலைத் தகரத்தின் ஒவ்வொரு மேட்டின் கீழும், சட்டத்தில் அது படுகிற இடத்தில், ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதைச் சாந்தால் அடைத்தால் தகரம் சூட்டில் அசைய, சாந்து வெடித்து விழும். கூரைக்குக் கீழே, மேல்சட்டத்தோடு சேர்த்து, அரை அங்குல வலையால் ஒரு தட்டு அடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. தகரத்துக்கும் வலைத் தட்டுக்கும் இடையால் சூடும் போகும். தகரத்தின் மேல் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். கிடுகு குளிர்ச்சிதான், ஆனால் எலிக்கு மெத்தை.

உள்ளே

தரையிலிருந்து 2 அடியில், நீளப்பாட்டுக்கு 2 அங்குல அகலத்தில் விளிம்பு உருட்டிய ஒரு தடி, கோழி ஒன்றுக்கு 8 அங்குலம் இடம். முட்டைப் பெட்டி நீளம், அகலம், உயரம் ஒவ்வொரு அடியாக இரண்டு. வெளியிலிருந்து திறக்கிற மூடி வைத்த முட்டைப் பெட்டி வசதியாகத் தெரியும், ஆனால் மூடியின் பிணைச்சல் பக்கம் எப்போதும் ஒரு வெளி இருக்கும். வேண்டாம், உள்ளே வையுங்கள். அடைக்கோழிக்கும் குஞ்சுக்கும் எல்லாப் பக்கமும் 2 அடியான பெட்டி தனியாக, முன்னும் மேலும் கால் அங்குல வலை. தரையில் 2 அங்குலத்துக்கு உமி.

சோதனை

பொழுது பட்டபிறகு கூட்டுக்குள் ஒரு ரோர்ச்சைக் கொளுத்தி வைத்துக் கதவை மூடி, வெளியே குனிந்து சுற்றி வாருங்கள். வலைக் கண்ணைத் தவிர வேறு எங்கு வெளிச்சம் கீறலாகத் தெரிந்தாலும் அங்கே ஒரு பென்சிலை நீட்டிப் பாருங்கள். பென்சில் போனால் பாம்புக் குட்டியும் போகும். கதவின் கீழ்மூலையும் அடிச்சட்டத்தின் மூலைப் பொருத்துகளும்தான் பெரும்பாலும் அகப்படும். மாரி முடிந்ததும் இதே சோதனையை ஒருமுறை, கோடை முடிந்ததும் ஒருமுறை செய்யுங்கள்.

சாரை பகல் பாம்பு என்பதால், கோழி மேயக் கதவு திறந்திருக்கும் நேரம்தான் முட்டை களவு போகும். முட்டையைப் பத்து மணிக்கு ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை எடுங்கள். பெட்டிக்குள் கைவிடும் முன் பார்த்துவிட்டு விடுங்கள். இரவில் தீன் தட்டு கூட்டுக்குள் இருக்கக் கூடாது, மிச்சத் தீன் மூடியுள்ள தகரப் பேணிக்குள் போகட்டும். வெள்ளைப்பூடு கரைசல், மண்ணெண்ணெய், உப்பு வளையம் எதுவும் பாம்பைத் தடுக்காது. பூச்சி உருண்டை கோழிக்கு நஞ்சு.

எல்லாம் செய்தும் திறந்திருந்த கதவாலோ கவனிக்காத இடுக்காலோ ஒரு பாம்பு உள்ளே போய்விட்டால் கவனம்: கோழியை விழுங்கிய பாம்பு நுழைந்த இடுக்கால் திரும்ப முடியாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கும். அடிக்க வேண்டாம். மலைப்பாம்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. சாரை போனால் வளவில் எலி பெருகும். கதவை அகலத் திறந்துவிட்டு, பிள்ளைகளையும் நாயையும் தூர வைத்து, ஒதுங்கி நில்லுங்கள். நச்சுப் பாம்பாகவோ பெரிய மலைப்பாம்பாகவோ இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கட்டுப் போடவோ கீறவோ உறிஞ்சவோ கூடாது, நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு.

பாம்பு வெளியேறும்போது கதவால் போகிறதா, வேறு இடத்தால் போகிறதா என்று தூர நின்று கவனியுங்கள். வேறு இடம் என்றால் அன்றைக்கே அதை அடையுங்கள்.