மாநாட்டில் இயங்குதளத்துக்கு ஒரு மேசை: மொரிஷியஸ் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எபேனிலோ போர்ட் லூயியிலோ நடக்கும் தொழில்நுட்ப மாநாட்டில் டெபியன் போன்ற திறமூல இயங்குதளத்துக்கு ஒரு மேசை கிடைத்ததும், ஏற்பாட்டுக் கூட்டத்தில் முதலில் எழும் பேச்சு ஸ்டிக்கர் எத்தனை, டி-ஷர்ட் என்ன நிறம் என்பதுதான். மேசைக்கு வருபவர் கேட்பதோ இரண்டே கேள்விகள். என் மடிக்கணினியில் இது ஓடுமா? உள்ளே இருக்கும் கோப்புகள் போய்விடுமா? 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபின் இந்தக் கேள்விகளுக்கு அவசரமும் சேர்ந்துவிட்டது. வந்தவரின் கணினியை மனத்தில் வைக்காமல் திட்டத்தின் பெருமையை மட்டும் மனத்தில் வைத்துத் தயாராவதால் வருபவைதான் கீழே உள்ள தவறுகளில் பெரும்பாலானவை.

பென் டிரைவில் தொடங்கும் தொல்லை

இயங்குதளத்தை எழுதி அன்பளிப்பாகத் தர மலிவாக மொத்தமாக வாங்கிய பென் டிரைவ்களைச் சோதிக்காமல் கொடுப்பது முதல் தவறு. 16 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 4 ஜிபிகூட இருக்காது. எழுதும்போது பிழை எதுவும் காட்டாது. பூட் ஆகும்போது, அதாவது கணினி அதிலிருந்து துவங்கும்போது, பாதியில் நின்றுவிடும். எஃப்3 என்ற கருவி டிரைவை முழுக்க எழுதி, திரும்பப் படித்து உண்மையான கொள்ளளவைச் சொல்லும். ஒரு பெட்டியில் நான்கைந்தைச் சோதித்து, ஒன்று போலியாக இருந்தாலும் பெட்டியையே திருப்பிக் கொடுங்கள்.

இயங்குதளம் முழுவதும் ஒரே கோப்பாக வரும் ஐஎஸ்ஓ இமேஜை டிரைவுக்குள் சாதாரணக் கோப்பாக இழுத்துப் போடுவது அடுத்தது. அப்படிப் போட்டால் பூட் ஆகாது. டிடி கட்டளையாலோ, டிஸ்க் இமேஜ் எழுதும் செயலியாலோ டிரைவ் முழுவதன் மேலும் நேரடியாக எழுத வேண்டும். அதற்குமுன் கோப்பு மாறாமல் இறங்கியதைக் காட்டும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகையையும், அந்தத் தொகைக் கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தையும் பாருங்கள். உங்கள் மேசையிலிருந்து போகும் டிரைவை வாங்குபவர் உங்களை நம்பித்தான் கணினியில் செருகுகிறார். பல இமேஜ்களை ஒரே டிரைவில் வைக்க உதவும் வென்டாய் தன்னார்வலரின் சட்டைப் பைக்கு நல்லது, அன்பளிப்புக்கு ஆகாது. கையொப்பமிட்ட நிரலை மட்டும் துவங்க விடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் அது முதல் முறை ஒரு சாவியைப் பதிவுசெய்யச் சொல்லி நீலத் திரை காட்டும். வீட்டில் தனியாக அந்தத் திரையைப் பார்ப்பவர் டிரைவைக் குப்பையில் போட்டுவிடுவார்.

நேரத்தையும் பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நிறுவாமலே டிரைவிலிருந்து ஓடும், மேசைக்கணினிச் சூழலோடு வரும் லைவ் இமேஜ் 3 முதல் 4 ஜிபி இருக்கும். மலிவு டிரைவ் நொடிக்கு 8 முதல் 10 எம்பிதான் எழுதும். ஒன்றுக்கு ஆறேழு நிமிடம் என்றால், 50 டிரைவுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து மணி நேரத்துக்கு மேல். தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி 3 ஹப்பில் ஏழெட்டு டிரைவை ஒரே நேரத்தில் எழுதலாம். யூஎஸ்பி 2 ஹப் எல்லா டிரைவுக்கும் சேர்த்தே நொடிக்கு 35 எம்பி அளவில் திணறும். எழுதிய பிறகு திரும்பப் படித்து ஒப்பிடும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். மாநாட்டுக்கு முந்தின இரவு இதற்கான நேரமில்லை.

பூட் ஆகாத கணினியும் பூட்டிக்கொண்ட விண்டோஸும்

சென்ற ஆண்டு மீந்த டிரைவ்களைக் கொண்டுவருவது சிக்கனம் போலத் தெரியும். டெபியன் முதலியவற்றின் அடித்தளமான லினக்ஸை செக்யூர் பூட்டோடு துவக்கும் ஷிம் என்ற சிறு நிரலின் பழைய பதிப்புகளை 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு தடை செய்தது. அதன்பின் பழைய டிரைவைச் செருகினால் பாதுகாப்பு விதி மீறல் என்ற ஒரு வரிச் செய்தியோடு கணினி அணைந்துவிடும். வந்தவர் மனத்தில் பதிவது 'லினக்ஸ் என் கணினியில் ஓடாது' என்பதுதான். அப்போதைய நிலையான வெளியீட்டின் கடைசித் திருத்தப் பதிப்பை மாநாட்டு வாரத்திலேயே எழுதுங்கள்.

இதைவிடக் கேடானது, பூட் ஆகவில்லை என்றதும் தன்னார்வலர் சட்டென்று கணினியின் யூஇஎஃப்ஐ என்ற துவக்க அமைப்புக்குள் போய் செக்யூர் பூட்டை அணைப்பது. விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்த பல மடிக்கணினிகளில், உரிமையாளருக்கே தெரியாமல் வட்டு குறியாக்கம் ஆகியிருக்கும். செக்யூர் பூட் அமைப்பு மாறியதும் விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கடவுச்சொல் வீட்டில் இருக்கும். மறுநாள் அலுவலகத்தில் அவருக்கு வேலை இருக்கும். டெபியன் 10 முதல் செக்யூர் பூட்டை ஆதரிப்பதால் அதை அணைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. மூன்றாம் தரப்பு நிரல்களுக்கான மைக்ரோசாஃப்ட் சான்றிதழை ஏற்கும் விருப்பம் சில புதிய திங்க்பேட்களில் அணைந்தே வருகிறது. அதைத் தொடுவதென்றாலும் முதலில் உரிமையாளர் கையில் மீட்புச் சாவி இருக்க வேண்டும், விண்டோஸுக்குள் பிட்லாக்கர் என்ற அந்த வட்டுக் குறியாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்க வேண்டும்.

பூட் வரிசையை நிரந்தரமாக மாற்ற வேண்டாம். ஒருமுறைக்கான பூட் பட்டியலே போதும்: டெல், லெனோவோ, ஏசரில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9, அசூஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். இதை ஓர் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். லைவ் அமர்வில் வைஃபை, ஒலி, தொடுபலகை, தூங்க வைத்து எழுப்புதல் ஆகிய நான்கையும் பார்த்தால் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். வட்டில் விண்டோஸ் இருக்கும் பகுதியான பகிர்வைத் திறந்து கோப்பு எழுதிக் காட்டும் வீரம் வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, எழுதினால் கோப்பமைப்பு கெடலாம்.

மாநாட்டு மேசையில் முழு நிறுவலே செய்யக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பிரதி எடுக்காத குடும்பப் புகைப்படங்கள் இருக்கும் வட்டை, சுற்றிலும் இருபது பேர் நிற்க, வேறொரு அமர்வுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்போது பகிர்வு பிரிப்பது அறிவான செயலல்ல. அதற்குத் தனி நாள், தனி இடம், வெளி வட்டில் எடுத்த பிரதி ஆகிய மூன்றும் வேண்டும். நாள் குறித்துக் கொடுத்து அனுப்புங்கள்.

32 பிட் கணினியோடு வருபவருக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-ல் அதற்கு நிறுவியே கிடையாது, டெபியன் 12-தான் கடைசி. அதே நேரம், 'வைஃபை வேலை செய்யாது' என்ற பழைய பல்லவியையும் விட்டுவிடலாம். 2022-ல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ இமேஜிலேயே வைஃபை சில்லுக்குத் தேவையான ஃபர்ம்வேர் சேர்ந்து வருகிறது.

கொடுப்பதும் ஒரு வினியோகம்தான்

பென் டிரைவ் கொடுத்தால், திறமூல மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமத்தின் பொருளில் நீங்களும் வினியோகஸ்தர். லினக்ஸ் கருநிரல் ஜிபிஎல் பதிப்பு 2-ன் கீழ் வருவது. இயங்கு வடிவத்தை ஊடகத்தில் கொடுப்பவர் மூல நிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அல்லது கேட்பவருக்கு மூலத்தைத் தருவதாகக் குறைந்தது மூன்று ஆண்டுகள் செல்லும் எழுத்து வாக்குறுதி தர வேண்டும். 'மூல நிரல் இணையத்தில் இருக்கிறதே' என்பது அச்சொட்டாகப் பார்த்தால் பதிப்பு 2-க்குப் போதாது. சிறு குழு மூன்றாண்டு வாக்குறுதியைத் தாங்குவது கடினம். எளிய வழி ஒன்று உண்டு: மேசையில் ஒரு வெளி வட்டில் அதே வெளியீட்டின் மூல நிரல் இமேஜ்களை வைத்து, டிரைவ் வாங்குபவரிடம் 'மூலமும் வேண்டுமா?' என்று கேட்பது. அநேகமாக யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் வட்டு அங்கே இருக்க வேண்டும்.

லோகோவிலும் வேறுபாடு உண்டு. டெபியனின் சுழியை எவரும் பயன்படுத்தலாம். குடுவையோடு சேர்ந்த சின்னம் அதிகாரபூர்வப் பயன்பாட்டுக்கு மட்டும். ஃபெடோரா, உபுண்டு பெயர்களுக்கு ரெட் ஹாட், கனோனிகல் நிறுவனங்களின் வணிகக்குறி விதிகள் உண்டு. அச்சிடுவதற்கு முன் படியுங்கள். செலவையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். டெபியனில் திட்டத் தலைவர் ஒப்புதல் தந்த செலவுதான் திரும்ப வரும். செலவழித்துவிட்டு ரசீது அனுப்பினால் தரமாட்டார்களா என்று நினைப்பது தவறு.

அச்சகத்தில் சிதறும் தமிழ்

சுருள் பதாகை பொதுவாக 85 செ.மீ. அகலம், 200 செ.மீ. உயரம். அதன் கீழ்ப்பகுதி 75 செ.மீ. மேசைக்குப் பின்னால் மறைந்துவிடும், மேசைக்கு முன் ஆட்கள் நின்றால் இன்னும் கொஞ்சம் மறையும். ஆகவே பெயரும் லோகோவும் மேல் 60 செ.மீ.க்குள் இருக்கட்டும். க்யூஆர் குறியை முழங்கால் உயரத்தில் போடாதீர்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று படிக்க அது 10 செ.மீ. பக்கமாவது இருக்க வேண்டும். காலாவதியாகும் குறுஞ்சுட்டியை வைத்து க்யூஆர் செய்தால் அடுத்த ஆண்டு பதாகை வீண். பதாகையிலும் ஸ்டிக்கரிலும் மாநாட்டுத் தேதியையும் போட வேண்டாம். நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை சூறாவளிக் காலம், எச்சரிக்கை ஏறினால் மாநாடு தள்ளிப்போகும்.

தமிழ் எழுத்து போடும்போது கூடுதல் கவனம் வேண்டும். அச்சகத்தின் வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பு இயங்காவிட்டால் 'கொ' என்பதன் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அங்கே வேலை செய்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதென்றால் பிழை கண்ணில் படவே படாது. எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிய பிடிஎஃப் அனுப்புங்கள், முதல் படியைத் தமிழ் தெரிந்தவர் பார்க்கட்டும். ரூபாய் நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தி வந்ததற்காக எழுந்த எதிர்ப்பில், 1998-ல் வெளியிட்ட நோட்டுகளையே திரும்பப் பெற்ற நாடு இது. பதாகையில் உடைந்த 'கொ'வை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

ஆனால் தமிழில் துண்டறிக்கை அடிப்பது பெரும்பாலும் வீண் செலவுதான். இங்கே தமிழர் வீட்டுப் பேச்சே பெரும்பாலும் கிரியோல். மேசையில் கிரியோலில் பேச்சைத் தொடங்குங்கள், அறிக்கை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்கட்டும். தமிழுக்கு ஏற்ற இடம் திரை. பள்ளியில் தமிழ் படித்த பிள்ளையோடு வருபவரிடம் விசைப்பலகையைக் கொடுத்து, பிள்ளையின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அதற்குத் தமிழ் உள்ளீட்டுக்கான ஐபஸ்-எம்17என் தொகுப்பும் நோட்டோ தமிழ் எழுத்துருவும் முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகை அறியாதவருக்கு ஒலிபெயர்ப்பு முறையே எளிது. லைவ் டிரைவில் செய்த அமைப்பு மறுதுவக்கத்தில் காணாமல் போகும் என்பதால், செயல்விளக்கத்துக்கு நிறுவிய கணினியையே வையுங்கள். தமிழைக் கட்டளைகள் தட்டும் டெர்மினலில் மட்டும் காட்டாதீர்கள். சம அகலக் கட்டங்களில் எழுத்தை அடைக்கும் டெர்மினல்கள் பெரும்பாலும் தமிழை உடைத்தே காட்டும். உரைதிருத்தியில் காட்டுங்கள்.

மின்சாரம், சுங்கம், ஆட்கள்

இங்கே 230 வோல்ட். மேசையின் மொத்தத் தேவை 300 வாட்டைத் தாண்டாது, ஆகவே சிக்கல் மின்னளவில் அல்ல, பிளக்கின் முள்ளில். சுவரில் பெரும்பாலும் ஆங்கிலேய மூன்று கட்டை முள் துளைதான். பக்கத்து ரெயூனியன் தீவிலிருந்து வருபவரிடம் பிரெஞ்சு முள், சென்னையில் வாங்கியவரிடம் மூன்று உருண்டை முள், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வருபவரிடம் இன்னும் தடித்த உருண்டை முள் இருக்கும். ஆளுக்கொரு அடாப்டரை அடுக்கிச் செருகாமல், 5 மீட்டர் நீளமுள்ள உள்ளூர் நீட்டிப்புப் பலகையும் நல்ல அடாப்டர் இரண்டும் வைத்தால் போதும். ரெயூனியன் மடிக்கணினியில் விசை வரிசையும் பிரெஞ்சு அசெர்டி என்பதால், செயல்விளக்கக் கணினியாக அதை வைத்தால் வருபவர்கள் தடுமாறுவார்கள்.

மாநாட்டு வைஃபையை நம்பிச் செயல்விளக்கம் திட்டமிடாதீர்கள். மேசையில் ஒரு சிறு ரவுட்டரும், இறங்கும் மென்பொருள் தொகுப்புகளைச் சேமித்து வைக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி இயங்கும் ஒரு கணினியும் இருந்தால், ஒருமுறை இறங்கிய தொகுப்பு அடுத்தவருக்கு உள்ளேயிருந்தே வரும். முந்தின நாளே தேவையான தொகுப்புகளை ஒருமுறை இறக்கி வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பொருள் வரவழைப்பவர்கள் சுங்கப் படிவத்தில் 'அன்பளிப்பு, மதிப்பு பூஜ்யம்' என்று எழுதுவது வழக்கமான பிழை. பூஜ்ய மதிப்புதான் அதிகாரியின் சந்தேகத்தைக் கிளப்பும். அச்சுச் செலவையே மதிப்பாக எழுதி, 15% வாட் வரலாம் என்று ஒதுக்கி வையுங்கள். திரும்பிப் போகும் கருவிகளுக்கு ஏடிஏ கார்னெட் என்ற தற்காலிக இறக்குமதி ஆவணம் உதவும். கொடுத்துவிடும் ஸ்டிக்கருக்கும் டிரைவுக்கும் அது பொருந்தாது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-அவர், தடையில்லை. 30,000 என்றால் 100-ஐத் தாண்டும், விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

ஆட்கள் விஷயத்தில் கெடுவது எப்போதும் ஒரே மாதிரிதான்: நான்கு தன்னார்வலர்களும் மேசைக்குப் பின்னால் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள், வருபவர் தயங்கி ஸ்டிக்கரை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். ஒரு நேரத்தில் இருவர் போதும். ஒருவர் மேசைக்கு முன்னால் நிற்கட்டும், மற்றவர் கணினியருகே இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை மாற்றுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மாநாடு என்றால் தைப்பூசத் தேதியைப் பார்த்துவிட்டு பட்டியல் போடுங்கள். காவடி எடுப்பவர் விரத நாள்களில் நாள் முழுக்க மேசையில் நிற்க ஒப்புக்கொண்டாலும் கேட்காமலிருப்பதே நாகரிகம். விண்டோஸைக் கேலி செய்பவரை முன்வரிசையில் நிறுத்த வேண்டாம். வருபவரின் சம்பளமே அதில் ஓடும் மென்பொருளிலிருந்து வரலாம்.

பெயரும் மின்னஞ்சலும் எழுதச் சொல்லி ஒரே தாளை நீட்டுவதும் தவறு. அடுத்து வருபவர் முன்னவரின் முகவரியைப் படிக்கிறார். 2018 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு குழுவுக்கும் பொருந்தும். எதற்காக வாங்குகிறோம், எவ்வளவு நாள் வைப்போம் என்பதை எழுதிய தனித்தனி அட்டை கொடுத்து, மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். நிறுவல் நாளுக்கு அழைத்து முடித்ததும் அட்டைகளைக் கிழித்துவிடுங்கள்.

கடைசி நாள் மாலை மேசையைக் கட்டும்போது செயல்விளக்கக் கணினியின் பயனர் கணக்கை அழித்துவிடுங்கள். யாராவது அதில் தன் மின்னஞ்சலைத் திறந்துவிட்டுப் போயிருப்பார். மீந்த டிரைவ்களில் எழுதிய பதிப்பையும் தேதியையும் குறித்த காகிதத்தைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு வையுங்கள். அடுத்த மாநாட்டுக்கு எடுப்பவர் அவற்றை மீண்டும் எழுதாமல் கொடுக்கக் கூடாது என்பதையும் அதே காகிதத்தில் எழுதிவிடலாம்.